மாட்டியாச்சு, கையெழுத்துப் போடுங்க

பெரிய அலுவலகத்துக்கு வைஃபை வாங்கப் போகிறீர்களா? முதல் வேலையாக ஒரு குழு அமையுங்கள். அந்தக் குழுவில், மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒருவர்கூட இருந்துவிடக் கூடாது; இருந்தால் காரியம் கெட்டுவிடும். பொது மேலாளர் இருக்கட்டும், கொள்முதல் மேலாளர் இருக்கட்டும், "நம்ம ஆளு, ஐடி தெரியும்" என்று அறிமுகப்படுத்தப்படும் முதலாளியின் மைத்துனர் கட்டாயம் இருக்கட்டும். கறிபாப்பும் தே தாரிக்கும் சுற்றி வர, மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து படம் காட்டுவார்கள். படத்தில் மாடி முழுக்கப் பச்சை பூசியிருக்கும். பச்சை என்றால் 'லைன்' அருமையாக வரும் என்று அர்த்தம். மூன்று படத்திலும் பச்சைதான். ஆகவே விலை குறைந்ததையோ மைத்துனருக்குப் பிடித்ததையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் பார்த்த அலுவலகங்களில் பாதி இப்படித்தான் வாங்கின. மீதிப் பாதியில் படம்கூடக் காட்டவில்லை.

அந்தப் பச்சைப் படம் என்றைக்கு எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை மத்தியானம், காவலாளியையும் சாமி மேடை விளக்கையும் தவிர மாடியில் வேறு சலனம் இல்லாத நேரத்தில் எடுத்தது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும். திங்கட்கிழமை காலையில் முந்நூறு உடம்புகள் வந்து உட்காரும். ஆளுக்கு ஒரு மடிக்கணினி, இரண்டு கைப்பேசி: ஒன்று கம்பெனிக்கு, இன்னொன்று குடும்பத்துக்கு. படத்திலிருந்த பச்சை பத்து மணிக்குள் வாடிவிடும். காலி மண்டபத்தில் அளந்துவிட்டு நிறைந்த மண்டபத்துக்கு விற்பது கண்கட்டு வித்தை. அதற்கு 'சைட் சர்வே' என்று பெயர் வைத்துத் தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

கூரையில் மாட்டும் வைஃபை பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் ஒரு வேகம் அச்சாகியிருக்கும். 2.4, 5, இப்போது 6 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிற எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட தொகை அது. எந்த ஒரு கைப்பேசிக்கும் எந்தக் காலத்திலும் கிட்டாத தொகை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் வைஃபையின் அடிப்படை ஏற்பாடு. வைஃபை 6இலிருந்து சேனலைக் கூறு போட்டுச் சிலருக்கு ஒரே நேரத்தில் பங்கு வைக்கும் வசதி வந்திருக்கிறது. பங்கு வைக்கிற காற்று என்னவோ அதே காற்றுதான். 2.4இல் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நின்றுகொண்டு கைப்பேசியைத் திறந்து பாருங்கள். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் டியூஷன் சென்டர், எதிரே ஹோட்டல், மேலே மசாஜ் நிலையம் என்று பெயர்கள் வரிசைகட்டி வரும். 2.4இல் இருப்பதெல்லாம் அந்த மூன்று சேனலுக்குள் அடித்துக்கொண்டு கிடக்கின்றன. போதாக்குறைக்கு, பேன்ட்ரியில் யாராவது நாசி லெமாக்கைச் சூடு காட்டினால் மைக்ரோவேவும் அதே அலைவரிசையில் வந்து சேர்ந்துகொள்ளும்.

புகார் கிளம்பியதும் கம்பெனிக்காரர் வருவார். ஏணி போட்டு ஏறாமலேயே, உட்கார்ந்த இடத்திலிருந்து பெட்டிகளின் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போவார். கைப்பேசியில் கோடுகள் நிறைந்து நிற்கும். முதலாளிக்குப் பரம திருப்தி. ஆனால் பெட்டி கத்துவதுதான் கைப்பேசிக்குக் கேட்கிறது. கைப்பேசி முனகுவது பெட்டிக்குக் கேட்கவில்லை. வரவேற்பறைப் பெட்டியைப் பிடித்துக்கொண்ட கைப்பேசி, மாடியின் அந்தக் கோடிக்குப் போன பிறகும் அதை விடாமல் தொங்கும், பக்கத்திலேயே இன்னொன்று சும்மா இருந்தாலும். சத்தமாகப் பேசுகிறவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. நம் மந்திரிமார்களைப் பார்த்தாவது இது விளங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு கூத்து மின்சாரம். இந்தப் பெட்டிகளுக்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது. பழைய சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். புதிய பெட்டிகளில் பலவும் 30 வாட் தரும் சுவிட்சைக் கேட்கும். பெட்டிக்குக் காசு இருக்கிறது, சுவிட்சுக்கு இல்லை. அரைப் பட்டினி கிடக்கும் பெட்டி தன் ஆன்டெனாக்களில் சிலவற்றை அணைத்துவிட்டு மற்றதை வைத்து ஒப்பேற்றும். நீல விளக்கு மட்டும் ஜோராக எரியும். கூரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மேலாளருக்கு விளக்கு எரிந்தால் போதாதா? "மாட்டியாச்சு பாஸ், கையெழுத்துப் போடுங்க." போட்டுவிடுவார்.

போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் கண்ணால் பார்த்தது. பெரிய இடம்; ஊழியர்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். முதலாளியின் அறையில் அவர் ஒருவருக்காக ஒரு தனிப் பெட்டி. அவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர். கழிப்பறைச் சுவரை ஒட்டிக் கடைசி மேசையில் ஒரு கிளார்க். கே1 ஃபாரத்தைச் சுங்கத்துக்கு அனுப்ப வேண்டும், கப்பல் சரக்கு காத்திருக்கிறது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து தன் சொந்தக் கைப்பேசியை எடுத்தார், ஹாட்ஸ்பாட்டைத் திறந்தார், கம்பெனி ஃபாரத்தைத் தன் காசில் அனுப்பினார். அந்த வரிசையில் இன்னும் நாலு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டும் ஏற்கெனவே நெரிகிற காற்றில் இன்னொரு வைஃபை. ஆகவே நெரிசல் இன்னும் கூடும், இன்னும் நாலு பேர் ஹாட்ஸ்பாட் திறப்பார்கள். மாதச் சம்பளத்தில் பஸ் காசு பார்க்கிற பெண்கள் கம்பெனியின் இன்டர்நெட்டுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "வைஃபை எப்படிம்மா?" என்று மேலாளர் கேட்டதற்கு, "ஓகே சார்" என்றார் அந்தக் கிளார்க். வேறென்ன சொல்வார்? போன தடவை புகார் சொன்னவரிடம், "உங்க போன்தான் பழசு" என்று சொல்லியாயிற்று.

தனியார் முதலாளி தன் காசைத் தானே கரியாக்கினால் அது அவர் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். அரசாங்கத்துக்கும் இதே வியாதி உண்டு. 2012இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஒரு விதி கொண்டுவந்தது: 120 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உணவகங்கள் லைசென்ஸ் வேண்டுமென்றால் வாடிக்கையாளருக்கு வைஃபை தர வேண்டும். உலக நகரமாகிவிட்டோமே! நம் கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? கல்லாவுக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ரவுட்டரை ஆணியடித்து மாட்டினார்கள். பாஸ்வேர்ட் கேட்டால், "தம்பி லீவு, அவனுக்குத்தான் தெரியும்" என்று பதில் வந்தது. அதிகாரி வந்து பார்க்கும்போது ரவுட்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதானே விஷயம்.

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரத்துக்கு வருவோம்.

2011 டிசம்பரில் கல்வியமைச்சு 1பெஸ்தாரிநெட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் 10,000 பள்ளிகளுக்குக் கம்பியில்லா இன்டர்நெட். அதன் மேல் ஃப்ரோக் விஎல்இ என்ற இணையவழிக் கற்றல் தளம். 15 ஆண்டு, 4.077 பில்லியன் வெள்ளி. குத்தகை ஒய்டிஎல் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அப்போது கல்வியமைச்சர் துணைப் பிரதமர் முகிதீன் யாசின். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.

அந்த நிறுவனம் 2010 நவம்பரில் ஆரம்பித்த 'யெஸ்' சேவை வைமேக்ஸ் தொழில்நுட்பத்தில் ஓடியது. உலகம் அப்போதே வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 2009 டிசம்பரிலேயே ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் எல்டிஇ என்ற போட்டித் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அமெரிக்காவில் வைமேக்ஸைத் தூக்கிப்பிடித்த ஸ்பிரின்ட் நிறுவனமே 2011 அக்டோபரில், இனி எல்டிஇதான் என்று அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து நாம் 15 ஆண்டு ஒப்பந்தத்தோடு நிற்கிறோம். 2016இல் 'யெஸ்' தானும் எல்டிஇக்கு வந்தது. 2019இல் வைமேக்ஸுக்கு மூடுவிழா. தொழில்நுட்பத்தின் ஆயுள் ஒப்பந்தத்தின் ஆயுளில் ஏறக்குறைய பாதிதான். அதிலும் முதல் கட்டத்தில் பேசப்பட்ட வேகம் பள்ளிக்கு 2 முதல் 10 எம்பிபிஎஸ். நகரத்துப் பள்ளிக்கு முழுசாகப் பத்து கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் திறந்தால் ஆளுக்குக் கால் எம்பிபிஎஸ். கிள்ளானில் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி இருக்கிறது, நாட்டிலேயே பெரிய தமிழ்ப்பள்ளி. அந்த மாதிரிப் பள்ளியில் எத்தனை வகுப்பு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, இந்தக் கணக்கைப் போட்ட அதிகாரி மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் தேறியிருப்பாரா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் கட்டத்துக்கு 663 மில்லியன் வெள்ளி. 2014 நவம்பரில் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வந்தது. அந்தக் கற்றல் தளத்தின் பயன்பாடு எவ்வளவு? 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரை. 0.01 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. பத்தாயிரம் பேருக்கு விருந்து என்று பந்தல் போட்டு, சமையல்காரருக்குக் காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, சாப்பிட வந்தவர் ஒருவர் என்றால் நம் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் அன்றைக்கே அடிதடி ஆகியிருக்கும். அமைச்சில் என்ன ஆனது? இரண்டாம் கட்டம் ஆனது. அந்த அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 2014 நடுவில் அது தொடங்கிவிட்டிருந்தது. அறிக்கை வந்த பிறகும் 2019 ஜூன் வரை ஓடியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நிறுவனத்தின் பக்கம் கேட்டால், ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதை நாங்கள் செய்தோம் என்பது அவர்கள் பதில். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்தப் பதில் உண்மையாகவே இருக்கலாம்! கோபுரம் நடு என்று எழுதியிருந்தால் நட்டிருப்பார்கள். பெட்டி மாட்டு என்றால் மாட்டியிருப்பார்கள். பத்தாம் நம்பர் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை பாடத்தைத் திறந்து படித்தாளா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு என்று எழுதாதது யார்? வியாபாரி வியாபாரம் செய்வான். மக்கள் பணத்துக்குக் காவல் இருக்கச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2019இல் அமைச்சர் மஸ்லீ மாலிக் காலத்தில் திட்டம் முடிவுக்கு வந்தது. ஃப்ரோக் போய் கூகல் கிளாஸ்ரூம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கூகல் நமக்குப் புதிதல்ல. 2013 ஏப்ரலிலேயே, மலேசிய மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஒரு கோடிப் பேருக்குத் தன் செயலிகளைக் கொடுப்பதாகக் கூகலே பெருமையாக அறிவித்திருந்தது. ஆறு வருடம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

அடுத்த வருடம் கோவிட். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. இத்தனை ஆண்டாக நாம் காசு கட்டியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தானே? அமைச்சு ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த பிள்ளைகளின் நிலைமையைப் பெற்றோரிடம் கேட்டது. 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. கைப்பேசிகூட இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் போய்விடும்; அவர் ராத்திரி வீடு திரும்பிய பிறகுதான் மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கும். கிள்ளானில், காப்பாரில், பந்திங்கில் எத்தனை அடுக்குமாடி வீடுகளில் இது நடந்தது என்று அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நாட்டுக்குப் பிரதமர் யார்? முகிதீன் யாசின். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே.

அதே 2020இல் சபாவில் பித்தாஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழக மாணவி, 'லைன்' பிடித்துத் தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறித் தங்கிய காணொளி நாடெல்லாம் பரவியது. நாகரிக நாடாக இருந்தால் அமைச்சர் தலைகுனிந்திருப்பார். நம் தொடர்புத் துறைத் துணையமைச்சர் ஸாஹிடி ஜைனுல் அபிடின் செப்டம்பரில் மேலவையில் எழுந்து, அந்தப் பெண்ணுக்குத் தேர்வே இல்லை என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மரத்தில் ஏறியவள்மேல் பழி; கோபுரம் கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பட்டம், பதவி, ஓய்வூதியம்.

நம்மவர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு மடிக்கணினியும் ஒரு ரவுட்டரும் கொடுக்க இருபது பேர் வரிசையாக நிற்பார்கள். ஆள் உயர மாதிரிக் காசோலை, நடுவில் டத்தோ, ஓரத்தில் தலைமையாசிரியர், யார் கண்ணிலும் படாத மூலையில் பிள்ளைகள். மறுநாள் நாளிதழில் கால் பக்கப் படம். அந்த ரவுட்டருக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுவது என்று அந்தப் படத்தில் யாரும் கேட்பதில்லை. ஒரு பள்ளியின் கணினி அறையில் இப்படி வந்த ஒரு கருவியைப் பார்த்தேன். மேலே துணி போர்த்தியிருந்தது. துணியை விலக்கினால் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. வருடத்தில் ஒரு நாள், சரஸ்வதி பூசையன்று, அதற்குத் தேங்காய் உடைக்கிறார்கள். கும்பிடுவதற்கு அது போதும், பாடம் நடத்தத்தான் ஆகாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற மக்களவையில் அரசாங்கக் கொள்முதல் மசோதா நிறைவேறியது. வரட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதில் களவு குறைந்தால் நல்லதுதான். ஆனால் எதற்குப் பணம் கொடுப்பது என்பதை ஒப்பந்தம் எழுதுகிறவர்தான் எழுத வேண்டும். 'நிறுவியாகிவிட்டது' என்று எழுதுகிற வரையில் நமக்குக் கிடைப்பது ஆணியும் பெட்டியும்தான். இதற்கு ஒன்றும் பெரிய வித்தை வேண்டாம். அலுவலகம் நிறைந்திருக்கும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அளக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை படத்தைக் குப்பையில் போடுங்கள். எத்தனை பெட்டி என்று கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வீடியோ கூட்டத்தில் பேச முடியும் என்று கேளுங்கள். சுவிட்ச், கேபிள், ஐந்து வருடச் சந்தா எல்லாவற்றையும் ஒரே விலையில் கேளுங்கள்; சந்தா தீர்ந்ததும் ஊமையாகிவிடும் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. கடைசித் தவணையை மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள். அதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை முதலாளியிடமிருந்து பிடுங்கி, மாடியிலேயே மோசமான இடத்தில் உட்காருகிற ஊழியரிடம் கொடுங்கள். எந்த விற்பனையாளர் இதற்கு ஒத்துக்கொள்கிறாரோ அவரிடம் வாங்குங்கள். எந்த பிராண்ட் என்பது அதற்கப்புறம்.

அலுவலகத்தில் இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வருடத்துக்கு ஒருமுறை வரும். பெரும்பாலும் நாம் போவதில்லை, போனாலும் நாசி பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இந்த வருடம் உட்காருங்கள். கையைத் தூக்கி இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் பள்ளியின் இன்டர்நெட்டுக்கு மாதம் எவ்வளவு பணம் போகிறது, போன வாரம் எத்தனை பிள்ளைகள் அதைப் பயன்படுத்தினார்கள்? பதிலை வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.